லூயிவில் வீட்டுச் சோதனை: ஒரு பிரமாணப் பத்திரத்தில் தொடங்கிய மரணம்

2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை, நள்ளிரவு தாண்டி சுமார் 12.40 மணி. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லூயிவில் நகரின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், போலீஸார் இரும்பு இடிகட்டையால் ஒரு கதவை உடைத்துத் திறந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் இருவர். ஒருவர் 26 வயது பிரியோனா டெய்லர், மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர். மற்றவர் அவருடைய காதலர். அவரிடம் உரிமத்தோடு வாங்கிய கைத்துப்பாக்கி இருந்தது. கதவு பெயர்ந்து விழுந்ததும் அவர் ஒரு முறை சுட்டார். அது சார்ஜென்ட் ஜொனாதன் மாட்டிங்லியின் தொடையில் பாய்ந்தது. பதிலுக்கு மூன்று போலீஸார் 32 முறை சுட்டார்கள். ஆறு குண்டுகள் டெய்லர் மீது பாய்ந்தன. வீட்டின் நடைவழியிலேயே அவர் இறந்தார். அந்த வீட்டில் போதைப்பொருள் எதுவும் கிடைக்கவில்லை.

போலீஸ்காரர் பிரெட் ஹாங்கிசன் வெளியே நின்று, திரை மூடிய கண்ணாடிக் கதவு, ஜன்னல் வழியாக உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே பத்து முறை சுட்டார். அவற்றில் சில சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுக்குள் போயின. அங்கே ஒரு கர்ப்பிணி, அவருடைய துணைவர், ஐந்து வயதுக் குழந்தை என்று ஒரு குடும்பம் இருந்தது. அவர்களில் யாருக்கும் காயமில்லை.

காதலர் உடனே அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்தார். யாரோ கதவை உடைத்து வந்து என் காதலியைச் சுட்டுவிட்டார்கள் என்று போலீஸிடமே புகார் சொன்னார். வந்தவர்கள் போலீஸ் என்று தெரிந்திருந்தால் ஒருவர் இப்படி அழைத்திருப்பாரா? அந்த இரவில் என்ன நடந்தது என்பதற்கு இந்த அழைப்பை விடப் பெரிய சாட்சி இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

வாரண்ட் எப்படிக் கிடைத்தது

இந்த வழக்கைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கிச் சூட்டில் தொடங்குகிறார்கள். நான் முந்தைய நாளில், மார்ச் 12ல் தொடங்கச் சொல்வேன். அன்று துப்பறிவாளர் ஜோஷுவா ஜேய்ன்ஸ் ஐந்து இடங்களைச் சோதனையிட வாரண்ட் கேட்டு நீதிபதியிடம் போனார். உண்மையான குறி, டெய்லரின் வீட்டிலிருந்து பல மைல் தள்ளியிருந்த எலியட் அவென்யூ வீடுகள். அங்கே போதைப்பொருள் விற்றதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களில் ஒருவர் டெய்லரின் முன்னாள் நண்பர். அந்த நூலைப் பிடித்துத்தான் டெய்லரின் முகவரியும் பட்டியலில் சேர்ந்தது.

அந்த முன்னாள் நண்பர் டெய்லரின் முகவரிக்குப் பார்சல்கள் வரவழைக்கிறார், இதை அஞ்சல் துறை ஆய்வாளர் மூலம் சரிபார்த்தேன் என்று ஜேய்ன்ஸ் பிரமாணப் பத்திரத்தில் எழுதியிருந்தார். லூயிவில் போலீஸ் எங்களிடம் அப்படிக் கேட்கவே இல்லை என்று லூயிவில் அஞ்சல் ஆய்வாளர் மே மாதத்தில் பகிரங்கமாகச் சொன்னார். தானே நேரடியாக விசாரிக்கவில்லை என்பதை ஜேய்ன்ஸும் உள்விசாரணையில் ஒப்புக்கொண்டார். 2021 ஜனவரியில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2022ல் கூட்டரசு, அதாவது அமெரிக்க மத்திய அரசு, வழக்குத் தொடர்ந்தபோது குற்றச்சாட்டை மறுத்தார். அதே வழக்கில் இன்னொரு துப்பறிவாளர், பிரமாணப் பத்திரத்தில் பொய்த் தகவல் இருந்தது தெரியும் என்றும், டெய்லர் இறந்த பிறகு அதை மூடி மறைக்க இருவரும் ஒரு கதையை ஒத்துப் பேசிக்கொண்டோம் என்றும் ஒப்புக்கொண்டு குற்றத்தை ஏற்றார்.

பார்சல் விஷயம் வீட்டுக்குள் போக அனுமதி கேட்பதற்கான காரணம். கதவைத் தட்டாமல், யார் என்று சொல்லாமல் போக அனுமதி வேண்டுமென்றால் தனியாக இன்னொரு காரணம் காட்ட வேண்டும். அங்கே ஜேய்ன்ஸ் எழுதியது என்ன? போதைப்பொருள் கடத்துகிறவர்கள் ஆதாரத்தை அழிப்பார்கள், வீட்டில் கேமரா வைத்திருப்பார்கள், தப்பி ஓடுவார்கள். ஐந்து வாரண்டுகளிலும் இந்தப் பத்தி ஒன்றேதான். டெய்லரின் வீட்டில் கேமரா இருந்ததா, அவர் எதையாவது அழிக்கவோ ஓடவோ கூடியவரா என்று அந்த வீட்டைப் பற்றி ஒரு வரிகூடத் தனியாக இல்லை. நீதிபதி ஐந்திலும் கையெழுத்திட்டார்.

வாரண்ட் கேட்கும் அறையில் ஒரு தரப்புதான் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு விஷயமே தெரியாது, அவருக்கு வக்கீலும் இல்லை. நீதிபதிக்குக் கிடைப்பது போலீஸ் எழுதிக் கொடுத்த தாள் மட்டும். அதில் பொய் இருக்கிறது என்று பின்னால் சவால் விட 1978ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வழி திறந்து வைத்தது. ஆனால் நடைமுறையில் வீட்டில் ஏதாவது கிடைத்து, யார் மீதாவது வழக்குப் பாய்ந்தால்தான் அந்தச் சவால் நீதிமன்றத்துக்கு வரும். ஒன்றும் கிடைக்காத வீட்டில் உடைந்த கதவோடு கதை முடிந்துவிடுகிறது, பிரமாணப் பத்திரத்தைத் திரும்ப எடுத்துப் படிப்பவர் இல்லை. டெய்லர் அன்று உயிர் பிழைத்திருந்தால் அந்த அஞ்சல் ஆய்வாளர் பொய் இன்றுவரை கோப்பிலேயே கிடந்திருக்கும்.

தட்டினார்களா?

வாரண்டில் 'தட்டத் தேவையில்லை' என்று இருந்தது உண்மை. ஆனால் அன்றிரவு புறப்படும் முன் அந்த வீட்டில் மட்டும் தட்டி, போலீஸ் என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று முடிவு மாறியது. காரணத்தை மாட்டிங்லி பின்னர் விசாரணையில் சொன்னார்: டெய்லர் தனியாக இருப்பார், தேடப்படும் ஆள் வேறு இடத்தில் இருக்கிறார் என்று தங்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது.

இதைக் கவனிக்க வேண்டும். திடீர்ச் சோதனைக்குச் சொன்ன காரணங்கள் அந்த வீட்டுக்குப் பொருந்தாது என்பது போலீஸுக்கே தெரிந்திருந்தது. தேடப்படும் ஆள் அங்கே இல்லை, வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறார் என்றால், காலையில் வந்து அழைப்புமணியை அழுத்தினால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஐந்து இடங்களிலும் ஒரே நேரத்தில் சோதனை நடத்த வேண்டும் என்ற திட்டம்தான் நள்ளிரவுக்குக் காரணம். எலியட் அவென்யூவுக்காகப் போட்ட திட்டத்துக்குள், ஸ்பிரிங்ஃபீல்ட் டிரைவ் என்ற தெருவில் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த டெய்லரையும் இழுத்துப் போட்டார்கள்.

பலமுறை தட்டினோம், போலீஸ் என்று கத்தினோம் என்பது போலீஸ் தரப்பு. தட்டும் சத்தம் கேட்டது, யார் என்று இருவரும் திரும்பத் திரும்பக் கேட்டோம், பதிலே இல்லை என்பது காதலர் தரப்பு. போலீஸ் என்று சொன்னது காதில் விழவில்லை என்று அக்கம்பக்கத்தார் பலர் பத்திரிகையாளர்களிடம் சொன்னார்கள். விழுந்தது என்று சொன்ன ஒரே ஒரு சாட்சியை வைத்துத்தான் மாநில அட்டர்னி ஜெனரல் டேனியல் கேமரன், போலீஸ் அறிவித்துவிட்டே நுழைந்தது என்ற முடிவுக்கு வந்தார். கதவு உடைபட்ட தருணத்தின் உடல் கேமரா பதிவு எதுவும் வெளிவரவில்லை.

என் பார்வையில் இந்தச் சச்சரவு பாதி வழி வரைதான் உதவும். போலீஸ் சொல்வதே உண்மை என்று வைத்துக்கொள்வோம். தட்டியதாகவும் காத்திருந்ததாகவும் அவர்கள் சொல்லும் நேரம் ஒரு நிமிடத்துக்குள். நள்ளிரவில் படுக்கையில் இருப்பவர் விழித்து, உடை மாற்றி, கதவுக்கு வர அது போதுமா? வாரண்டில் என்ன எழுதியிருந்தாலும், அந்த வேளையில் அந்த அவகாசத்தில் உடைத்தால் உள்ளே இருப்பவருக்கு அது சொல்லாமல் வந்த சோதனைதான்.

சட்டம் எதை எண்ணிக் காத்திருக்கச் சொல்கிறது

கதவை உடைக்கும் முன் வந்த காரணத்தைச் சொல்லித் திறக்கக் கேட்க வேண்டும் என்பது ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தின் பழைய விதி. 1604ல் லண்டனில் தீர்ப்பான செமெய்ன் வழக்கில் அது தெளிவாகவே சொல்லப்பட்டது. நம் ஊர்ச் சட்டத்திலும் அதே வேர் இருக்கிறது. இந்தியாவின் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 47வது பிரிவும், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தின் 44வது பிரிவும், அதிகாரத்தையும் நோக்கத்தையும் தெரிவித்து உள்ளே விடக் கேட்ட பிறகே கதவை உடைக்கலாம் என்கின்றன. நடைமுறை எப்படி என்பது வேறு கதை.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995ல் வில்சன் எதிர் ஆர்கன்சா வழக்கில், தட்டி அறிவிப்பது, நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் கேட்கும் நியாயத்தின் ஒரு பகுதி என்று ஒருமனதாகச் சொன்னது. 1997ல் ரிச்சர்ட்ஸ் எதிர் விஸ்கான்சின் வழக்கில், போதைப்பொருள் வழக்கு என்றாலே தட்ட வேண்டாம் என்ற பொத்தாம்பொதுவான விதிவிலக்கு கிடையாது, குறிப்பிட்ட அந்த இடத்தில் ஆபத்தோ ஆதாரம் அழிவதோ நேரும் என்று சந்தேகிக்கக் காரணம் இருக்க வேண்டும் என்றது. லூயிவில் வாரண்டுகளில் ஒரே பத்தியை ஐந்து முறை ஒட்டினார்களே, இந்தத் தீர்ப்பு தடுக்க நினைத்தது அதைத்தான்.

ஆனால் அதே நீதிமன்றம் கொடுத்ததை அடுத்த பத்தாண்டுக்குள் பெருமளவு திருப்பி எடுத்துக்கொண்டது. 2003ல் பேங்க்ஸ் என்பவரின் வழக்கு வந்தது. போலீஸ் தட்டியபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார், சத்தமே கேட்கவில்லை. 15 முதல் 20 விநாடி காத்துவிட்டுக் கதவை உடைத்தார்கள். அது போதும் என்று நீதிமன்றம் சொன்னது. எண்ண வேண்டியது வீட்டுக்காரர் கதவுக்கு வர எடுக்கும் நேரத்தை அல்லவாம், கொக்கேயினைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட எடுக்கும் நேரத்தையாம். கதவுக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொருவரையும் கழிப்பறையை நோக்கி ஓடும் கடத்தல்காரராக வைத்துப் போட்ட கணக்கு இது. அப்பாவிக்கும் அதே 20 விநாடிதான். டெய்லர் போன்றவர்களின் ஆபத்து இந்தக் கணக்கிலிருந்து பிறக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2006ல் ஹட்சன் எதிர் மிச்சிகன் வழக்கில் 5க்கு 4 என்ற கணக்கில் இன்னொரு அடி விழுந்தது. தட்டும் விதியை போலீஸ் மீறினாலும் கிடைத்த ஆதாரம் செல்லும் என்று ஆனது. விதி இருக்கிறது, மீறினால் வழக்குக்கு நட்டமில்லை.

நியாயம் எவ்வளவு தூரம் செல்லும்

சொல்லாமல் நுழைவதற்கு உண்மையான தேவை இருக்கும் இடங்கள் உண்டு. ஒருவர் பிணைக்கைதியாக உள்ளே இருந்தால், ஆயுதத்தோடு இருப்பவர் போலீஸைக் கண்டதும் சுடுவேன் என்று மிரட்டியிருந்தால், வாசலில் நின்று அறிவித்துக்கொண்டிருப்பது முட்டாள்தனம். போலீஸாரும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள்தான். மாட்டிங்லிக்குத் தொடையில் முக்கிய ரத்தக் குழாயிலேயே அடிபட்டது, அவரும் சாகக் கிடந்தார்.

ஆனால் இந்த முறை வளர்ந்தது பிணைக்கைதிகளை மீட்க அல்ல, போதைப்பொருள் சோதனைக்காக. கென்டக்கியிலேயே பேராசிரியராக இருந்த பீட்டர் கிராஸ்காவின் மதிப்பீட்டின்படி, நாடெங்கும் ஸ்வாட் எனப்படும் அதிரடிப் படைகள் 1980களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு சுமார் 3,000 முறை இறக்கப்பட்டன. 2000களின் நடுவில் அது 40,000ஐத் தாண்டியது. பெரும்பாலும் போதைப்பொருள் வாரண்டுகள். கழிப்பறையில் சில விநாடிகளில் கொட்டிவிடக்கூடிய அளவு சரக்கு என்றால், அது பெரிய கடத்தல் அல்ல. பெரிய சரக்கு என்றால் அதை அவ்வளவு வேகமாக அழிக்க முடியாது. ஆதாரம் அழிந்துவிடும் என்ற வாதம் வலுவாக இருப்பது சின்னச் சரக்குக்குத்தான். அந்தச் சின்னச் சரக்குக்காகத்தான் கதவை உடைத்து உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

போலீஸ் பாதுகாப்பு என்ற இன்னொரு வாதமும் அமெரிக்கா போன்ற நாட்டில் தலைகீழாகிறது. வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது அங்கே உரிமை. வீடு புகுபவரைச் சுடுவதற்குக் கென்டக்கி சட்டம் இடம் கொடுக்கிறது. வந்தவர் தன்னைப் போலீஸ் என்று தெரிவித்திருந்தாலோ, அது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தாலோதான் அந்த உரிமை இல்லை. அறிவிப்பு கேட்கவில்லை என்றால் காதலர் சுட்டது தற்காப்பு. தங்கள் மீது சுட்டதால் மாட்டிங்லியும் அவரோடு சுட்ட மைல்ஸ் காஸ்க்ரோவும் திருப்பிச் சுட்டதும் நியாயமே என்று அட்டர்னி ஜெனரல் சொன்னார். கொலை முயற்சி என்று காதலர் மீது போட்ட வழக்கு மே மாதம் கைவிடப்பட்டு, 2021 மார்ச்சில் மீண்டும் தொடர முடியாதபடி மூடப்பட்டது. ஆக இரண்டு பக்கமும் சட்டத்துக்கு உட்பட்டே சுட்டிருக்கிறார்கள், நடுவில் ஆயுதமில்லாத ஒரு பெண் செத்துப் போனார். இப்படி ஒரு நிலையை உண்டாக்கிவிட்டு, இது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு என்று எப்படிச் சொல்வது?

2010 முதல் 2016 வரை இப்படிக் கதவை உடைத்து நடத்திய சோதனைகளில் குறைந்தது 81 பொதுமக்களும் 13 போலீஸாரும் இறந்ததாக நியூயார்க் டைம்ஸ் கணக்கெடுத்தது. அந்த 13 பேரின் குடும்பங்களும் இந்த முறைக்கு விலை கொடுத்தவைதான்.

முன்பே நடந்தவை

லூயிவிலுக்கு முன்னரே எச்சரிக்கைகள் இருந்தன. 1970ல் கூட்டரசு போதைப்பொருள் சட்டத்தில் தட்டாமல் நுழையும் அதிகாரத்தைச் சேர்த்த அமெரிக்க நாடாளுமன்றம், 1974ல் அதைத் தானே ரத்து செய்தது. 1973 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்தின் காலின்ஸ்வில் ஊரில் போதைப்பொருள் முகவர்கள் தவறான வீடுகளுக்குள் புகுந்து குடும்பங்களை மிரட்டியது அதற்கு முக்கிய காரணம். பிறகு மாநிலச் சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக அதே அதிகாரம் திரும்ப வந்துவிட்டது.

2006 நவம்பர் 21ல் அட்லாண்டாவில் நடந்தது லூயிவிலின் முன்னோட்டம் என்றே சொல்லலாம். இன்ஃபார்மர் ஒருவர் அந்த வீட்டில் போதைப்பொருள் வாங்கினார் என்று பொய்யாக எழுதி, தட்டாமல் நுழையும் வாரண்ட் வாங்கினார்கள். வீட்டில் இருந்தவர் கேத்ரின் ஜான்ஸ்டன், 92 வயது மூதாட்டி, தனியாக வாழ்ந்தவர். கதவுக்கு முன்னிருந்த இரும்புக் கம்பிகளைப் போலீஸ் அறுத்தபோது, திருடர்கள் என்று நினைத்துப் பழைய ரிவால்வரால் ஒரு முறை சுட்டார். போலீஸ் 39 முறை சுட்டது. காயம்பட்ட மூன்று போலீஸாரும் சக போலீஸாரின் குண்டுகளால் காயம்பட்டவர்கள். எதுவும் கிடைக்காததால் கஞ்சாவைத் தாங்களே கொண்டுவந்து வீட்டில் வைத்தார்கள். மூன்று போலீஸாருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது, நகர நிர்வாகம் குடும்பத்துக்கு 49 லட்சம் டாலர் கொடுத்தது.

2019 ஜனவரியில் ஹூஸ்டனிலும் இல்லாத ஹெராயின் விற்பனையைக் காட்டி வாங்கிய வாரண்டால் ஒரு கணவனும் மனைவியும் இறந்தார்கள், நான்கு போலீஸார் குண்டடி பட்டார்கள். பொய் எழுதிய போலீஸ்காரர் ஜெரால்ட் கோயின்ஸ் 2024ல் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பாகி 60 ஆண்டு தண்டனை பெற்றார். அட்லாண்டா, ஹூஸ்டன், லூயிவில் மூன்றிலும் கதவுக்கு முன்னால் பொய்யான ஒரு தாள் நிற்கிறது.

பிறகு நடந்தது

டெய்லர் இறந்த சம்பவத்தைப் பற்றி லூயிவில் போலீஸ் துறை 2020 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை ஏறக்குறைய வெற்றுத்தாள். டெய்லரின் காயங்கள் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. பலவந்தமாக நுழைந்தார்களா என்ற கேள்விக்கும் இல்லை என்றே குறித்திருந்தார்கள். கொரோனாவுக்காக நாட்டில் தேசிய அவசரநிலை அறிவிக்கப்பட்ட அதே நாளில் இறந்ததால், இரண்டு மாதம் வரை பெரிய ஊடகங்களின் பார்வை அந்தப் பக்கம் போகவில்லை. குடும்பம் விடாமல் வழக்குப் போட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது. செப்டம்பரில் நகரம் 1.2 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டது.

வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான மாநில கிராண்ட் ஜூரி டெய்லரின் மரணத்துக்காக யார் மீதும் குற்றம் சாட்டவில்லை. பக்கத்து வீட்டாரை ஆபத்துக்குள்ளாக்கியதாக ஹாங்கிசன் மீது மட்டும் வழக்கு வந்து, 2022 மார்ச்சில் அவர் விடுதலையானார். பின்னர் கூட்டரசு வழக்கில் முதல் விசாரணை முடிவில்லாமல் கலைந்து, 2024 நவம்பரில் டெய்லரின் குடிமை உரிமைகளை மீறிய குற்றவாளி என்று ஜூரி சொன்னது. 2025 ஜூலையில் அரசு வழக்கறிஞர்கள் ஒரே ஒரு நாள் சிறை போதும் என்று கேட்டார்கள். நீதிபதி ரெபெக்கா கிரேடி ஜென்னிங்ஸ் அதை ஏற்காமல் 33 மாதம் விதித்தார்.

சட்டமும் மாறியது. 2020 ஜூன் 11ல் லூயிவில் நகர மன்றம் தட்டாமல் நுழையும் வாரண்டுகளை ஒருமனதாகத் தடை செய்து, சோதனைக்கு ஐந்து நிமிடம் முன்பே உடல் கேமராவை ஓட விட வேண்டும் என்றது. வர்ஜீனியாவும் அதே ஆண்டு தடை போட்டது. கென்டக்கி மாநிலம் 2021ல் முழுத் தடைக்குப் போகாமல், வன்முறைக் குற்றம் தொடர்பான வலுவான ஆதாரம் இருந்தால் மட்டும், காலை 6 முதல் இரவு 10 மணிக்குள், மருத்துவ உதவி அருகில் இருக்க, நடத்தலாம் என்று வரம்பு வைத்தது. தலைப்புச் செய்தியானது லூயிவில் தடைதான். ஆனால் எனக்கு நேர வரம்பும் மருத்துவ உதவியும்தான் இன்னும் பெரிய விஷயமாகப் படுகின்றன. அன்றிரவு குடியிருப்பு வாசலில் நின்ற ஆம்புலன்ஸ் சோதனைக்கு முன்பே திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. டெய்லர் விழுந்த பிறகு 20 நிமிடங்களுக்கு மேல் அவருக்கு எந்தச் சிகிச்சையும் கிடைக்கவில்லை.

தடைச் சொல்லை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு லூயிவிலே ஆதாரம். அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் 2023 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வறிக்கை, அந்த நகரப் போலீஸ் செல்லாத வாரண்டுகளை வைத்துச் சோதனை நடத்துவதும், தட்டி அறிவிக்காமல் சட்டவிரோதமாக நுழைவதும் ஒரு வழக்கமாகவே இருந்தது என்றது. தட்ட வேண்டிய வாரண்டை வைத்துக்கொண்டே தட்டாமல் போயிருக்கிறார்கள். மினியாபொலிஸில் 2022 பிப்ரவரி 2ல், வாரண்டில் பெயரே இல்லாத 22 வயது அமிர் லாக், சோபாவில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது, போலீஸ் உள்ளே வந்த பத்து விநாடிக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வாரண்டைக் கேட்ட பக்கத்து நகரமான செயின்ட் பால் போலீஸ் முதலில் தட்டி நுழையும் வாரண்டே போதும் என்று நினைத்திருந்தது. தட்டாமல் நுழைய வேண்டும் என்று வற்புறுத்தியது மினியாபொலிஸ் போலீஸ்.

2021 செப்டம்பரில் கூட்டரசு முகவர்களுக்கு நீதித்துறை போட்ட விதி, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே தட்டாமல் நுழையலாம், ஆதாரம் அழியும் என்பது தனிக் காரணம் ஆகாது என்றது. சரியான திசை அதுதான். ஆதாரத்தைக் காப்பாற்ற வேறு வழிகள் போலீஸுக்குத் தெரியாதவை அல்ல: தேடப்படுபவர் வெளியே வரும்போது பிடிப்பது, வீட்டைச் சுற்றி வளைத்து ஒலிபெருக்கியில் அழைப்பது, பகலில் போவது. டெய்லர் வீட்டில் இவற்றில் எதையும் யோசிக்கவில்லை. வாரண்ட் கேட்டு வரும் அதிகாரியிடம், இந்தத் தகவலை யாரிடம், எந்தத் தேதியில் சரிபார்த்தீர்கள், இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், ஏன் இரவில் என்று நீதிபதி கேட்டுப் பதிலைப் பதிவு செய்ய வேண்டும். ஒன்றும் கிடைக்காமல் முடிந்த ஒவ்வொரு சோதனையின் பிரமாணப் பத்திரமும் அதே நீதிபதியிடம் கட்டாயம் திரும்பி வர வேண்டும். பேங்க்ஸ் தீர்ப்பின் 15, 20 விநாடிக் கணக்கு இன்னும் மாறவில்லை. அதை மாற்ற உச்ச நீதிமன்றம் முன்வராதவரை, மாநிலச் சட்டமன்றங்கள்தான் காத்திருக்கும் நேரத்தை, தூங்கும் மனிதர் எழுந்து கதவுக்கு வரும் நேரமாக எழுதி வைக்க வேண்டும்.